ஆணிமுத்துக்குத் தாயம் விழுந்த மதியம்

மிளகு வாங்கினால் நான் அதை நேராக டப்பாவில் கொட்டுவதில்லை. பெரிய தட்டில் பரப்பி, விரலால் ஒரு கிளறு கிளறிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போடுவேன். பப்பாளி விதை கலந்திருக்கிறதா என்று பார்க்கிறேன் என வீட்டில் நினைக்கிறார்கள். மருந்தாளுநர் வேலை பார்க்கிறவள் அல்லவா, எதிலும் சுத்தம் பார்ப்பாள் என்று என் மாமியார் அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லியும் வைத்திருக்கிறார். நான் தேடுவது பப்பாளி விதையை அல்ல. நீல நிறத்தில், கோலிக்குண்டு அளவில், இருபது முகங்கள் கொண்ட ஒரு பகடையை. அது கொல்லிமலை மிளகு மூட்டை ஒன்றுக்குள் விழுந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இனிமேல் கிடைக்கும் என்று நம்புகிற அளவுக்கு நான் அசடு இல்லை. ஆனாலும் கை தானாகக் கிளறும்.

நேற்றும் கிளறினேன். மிளகு நெடி ஏறி இரண்டு தும்மல் போட்டதும் மனம் நேராகக் கொல்லிமலையில் சோளக்காடு என்கிற ஊருக்குப் போய், யூசுப்பின் மிளகுக் கடைக்குள் நின்றுகொண்டது.

வேலையில் சேர்ந்த புதிதில் என்னை மலைமேல் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டார்கள். நான் அடிவாரத்து வெங்காயக் காட்டில் வளர்ந்தவள். மலை என்பது எனக்குக் கொல்லைப்புறத்தில் நீலமாகத் தெரிகிற ஒன்று. அதன்மேல் ஏறிக் குடியிருக்க வேண்டியிருக்கும் என்று நினைத்ததில்லை. மழைக்காலத்தில் துணி காயாது. செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாலும் சிக்னல் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கச் சோளக்காட்டுக்கு வந்தால், திரும்பிப் போகும் பஸ் எப்போது வரும் என்று டிரைவருக்கே தெரியாது. மழைக்கு ஒதுங்க யூசுப்பின் கடைதான்.

யூசுப்பின் அத்தா புளியஞ்சோலைப் பக்கம் அடிவாரத்து ஊரில் மிளகும் காபிக்கொட்டையும் மொத்த வியாபாரம் செய்தவர். மலையில் கொள்முதல் பார்க்க மகனைச் சோளக்காட்டில் கடை போட்டு உட்கார வைத்திருந்தார். மலை விளிம்பில் நின்று பார்த்தால் அவர்கள் ஊர் காலுக்கடியில் தெரியும். பஸ்ஸில் போவதானால் மறுபக்கம் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, மலையைச் சுற்றிக்கொண்டு அரை நாள் போக வேண்டும். அதனால் யூசுப் பெரும்பாலும் கடையிலேயே கிடப்பார்.

அந்தக் கடையில் மிளகைத் தேடித்தான் எடுக்க வேண்டும். ஏனென்றால் யூசுப்புக்கு 'முடியாது' என்று சொல்ல வராது. "ஏனுங்க யூசுப்பு, இந்தப் பலாப்பழத்தச் சாயங்காலம் வரைக்கும் வெச்சுக்கறீங்களா?" என்று ஒருவர் வருவார். "சரிங்க." லாரி டயரை உருட்டிக்கொண்டு இன்னொருவர் வருவார். "சரிங்க." கல்யாண வீட்டுப் பாத்திரங்கள், கண்டக்டர் இறக்கிவிட்டுப் போன பார்சல்கள், ஒருமுறை கால் கட்டிய ஆட்டுக்குட்டி. யாருடைய பொருள் என்று யூசுப்புக்கே பாதி மறந்துபோயிருக்கும். ஆட்டுக்குட்டி மட்டும் தன் சொந்தக்காரரை அடையாளம் கண்டு கத்தியது.

அந்தக் கடைக்குள் விண்வெளியைக் கொண்டுவந்தது நான்தான். கோவையில் படித்தபோது ஹாஸ்டலில் கற்றுக்கொண்ட விளையாட்டு. பலகையும் கிடையாது, காயும் கிடையாது. ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, நான் இப்போது இதைச் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை முடிவு செய்யும். விதிப்புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டு வைத்திருந்தேன். அடுத்தவரை அதிகாரம் பண்ணுவது எனக்குக் கைவந்த கலை என்பதால் கதை நடத்தும் வேலையை யாரிடமும் கொடுத்ததில்லை. மழைநாளில் நனைந்த மிளகை யாரும் விற்க வரமாட்டார்கள், கடை காலியாக இருக்கும். மூட்டைகள்மேல் உட்கார்ந்து ஆடுவோம்.

உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த பிரகாஷ் சார் விண்கலத்தின் கேப்டன். என்னோடு வேலை பார்த்த நர்ஸ் செல்விக்கு அதே மலையில், பெரக்கரை நாடு என்கிற ஊர்க்கூட்டத்தில் ஊர். டாக்டர் பாத்திரம் எடுத்துக்கொள் என்றதற்கு, "அங்கயும் போயி ஊசி போடோணுமாக்கா? நான் கொள்ளக்காரியா இருந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். சரி, கேப்டன் பக்கம் சேர்ந்துவிட்ட கொள்ளைக்காரி என்று வைத்துக்கொண்டோம்.

ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே என் இருபது முகப் பகடை கைதவறி, வாய் திறந்திருந்த மிளகு மூட்டைக்குள் போய்விட்டது. நாங்கள் தேடத் தொடங்குவதற்குள் லாரிக்காரர் வந்து, "இத ஏத்திக்கட்டுங்களா?" என்று கேட்டார். யூசுப்பின் வாய் "சரிங்க" என்று சொல்லிவிட்டது. எந்த ஊர் ரசத்தில் மிதந்ததோ தெரியாது.

அடுத்த ஞாயிறு செல்வி அவள் வீட்டுத் தாயக்கட்டையைக் கொண்டுவந்தாள். பித்தளையில் நீளமாக இரண்டு கட்டைகள். அங்கேதான் சிக்கல் வந்தது. என் விதிப்புத்தகத்தின்படி ஒன்று விழுந்தால் படுதோல்வி. கட்டையில் ஒன்று விழுந்தால் தாயம். அது விழுந்ததும் நாலு பேரும் எங்களை அறியாமல் கத்தி ஆர்ப்பாட்டம் செய்துவிடுவோம். பிறகு புத்தகத்தைப் பார்த்து முகத்தைத் தொங்கப்போட வேண்டும். இது நமக்கு ஒத்துவராது என்று விதியை மாற்றினேன். எங்கள் விண்வெளியில் தாயம் விழுந்தால் நினைத்தது நடக்கும்.

யூசுப் என்ன பாத்திரம் எடுப்பது என்று பல வாரம் யோசித்தார். கடைசியில், "ஆணிமுத்துவ வெச்சு ஆடலாமுங்களாக்கா?" என்றார். சின்ன வயதில் ஒரு சிறுவர் மாத இதழின் கடைசிப் பக்கத்தில் வந்த படக்கதை ரோபோ அது. வீட்டு வேலைக்குச் செய்யப்பட்டு, தவறுதலாக விண்கலத்தில் ஏற்றப்பட்ட ரோபோ. மண்ணெண்ணெய் டின் போலத் தலை, நெஞ்சில் பச்சை விளக்கு. யார் எதைச் சொன்னாலும் விளக்கு எரியும், "உத்தரவு!" என்று கிளம்பிவிடும். நாலு பேர் நாலு வேலை சொன்னால் நடுவில் நின்று பம்பரமாகச் சுற்றும். நானும் படித்துச் சிரித்திருக்கிறேன். அந்த இதழ் திடீரென்று நின்றுபோனது. கடைசியாக வந்த பக்கத்தில் எஞ்சின் தீப்பிடித்திருக்கும்; வெளியே போய் அதைக் கழற்றிவிடு என்று கேப்டன் ஆணிமுத்துக்குச் சொல்வார். போனால் திரும்பி உள்ளே வர முடியாது. விளக்கு எரிந்ததா இல்லையா என்று காட்டாமல் கதை அறுந்துவிட்டது. யூசுப் அதற்குப் பிறகு பல மாதம் புத்தகக் கடைக்குப் போய்க் கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து ஆணிமுத்துவைச் செய்தோம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இத்தனை புள்ளி என்று உண்டு. பலம், அறிவு, வேகம் என்று பிரித்துப் போட வேண்டும். பிரகாஷ் சார் கணக்குப் போட்டு, பலத்தில் கொட்டுங்கள் என்றார். யூசுப் பாதிப் புள்ளியைக் காபி போடுவதில் கொட்டினார். படக்கதையில் ஆணிமுத்துவின் காபி பிரசித்தம். ஏதாவது ஒரு குறை வேண்டும் என்பது விதி. யார் சொன்னாலும் மறுக்காது என்று எழுதிக்கொண்டார்.

"எதிரி சொன்னாலுமா?" என்றார் பிரகாஷ் சார்.

"ஆமாங்க சார். அது அப்படித்தானுங்க இருந்துச்சு."

"எதிரி சொன்னா மட்டும் கேக்காதுன்னு போட்டுக்குங்க."

"இல்லீங்க சார். அப்பறம் அது ஆணிமுத்து இல்லீங்க."

யூசுப் ஒன்றை மறுத்து நாங்கள் கேட்டது அதுதான் முதல்முறை. அப்போது எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

செல்வி மட்டும் ஒன்று கேட்டாள். அவர்கள் ஊருக்கு அந்த இதழ் வந்ததே இல்லை. அதனால்தான் கேட்கத் தோன்றியதோ என்னவோ. "அதுக்கு மாட்டேன்னு சொல்லத் தெரியாதுங்களா, சொல்லக் கூடாதுங்களா?"

யூசுப் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "அத யாரும் கேட்டதில்லீங்க, சிஸ்டர்" என்றார்.

சரி, மறுக்க நினைத்தால் கட்டை உருட்டலாம், தாயம் விழுந்தால் மறுக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னேன். யூசுப் ஒருநாளும் உருட்டவில்லை. முதல் ஆட்டத்திலேயே வேறொரு கொள்ளைக் கும்பல் வந்து கதவைத் திற என்றது. ஆணிமுத்து "உத்தரவு!" என்று திறந்துவிட்டு அவர்களுக்குக் காபியும் போட்டுக் கொடுத்தது. விண்கலம் பறிபோனது. "இந்தத் தகரத்தப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு வாங்க" என்று செல்வி திட்டினாள். திட்டினாலும் அடுத்த வாரமும் எல்லோரும் வந்தோம்.

அப்படி ஒரு மதியம் கடையின் லேண்ட்லைன் அடித்தது. யூசுப் எடுத்தார். "சரிங்கத்தா... சரிங்கத்தா... சரி." வைத்துவிட்டு வந்து பழையபடி மூட்டைமேல் உட்கார்ந்தார். நாங்கள் கேட்டபிறகுதான் சொன்னார். பெருநாள் கழிந்ததும் சோளக்காட்டுக் கடையை மூடிவிடுவதாம். சென்னையில் பெரியத்தாவின் இரும்புக் கடைக்கு ஆள் போதவில்லை, யூசுப் அங்கே போய்விட வேண்டுமாம்.

"உங்களுக்குப் போக இஷ்டமா?" என்றேன்.

"இல்லீங்க்கா. எனக்கு இங்கதானுங்க புடிச்சிருக்குது."

"அப்பறம் ஏன் சரின்னீங்க?"

"கேட்டாங்களேக்கா."

எனக்குக் கோபம்தான் வந்தது. பெரிய லெக்சர் கொடுத்தேன். அதற்கும் "சரிங்க்கா" என்றார்.

பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. யூசுப் ஊருக்குப் புறப்படும் முன் கடைசியாக ஓர் ஆட்டம் ஆடுவோம் என்று உட்கார்ந்தோம். மழை சோவென்று பெய்தது. "படக்கதை நின்னு போன எடத்துல இருந்து ஆடலாமுங்களா?" என்று யூசுப்பே கேட்டார். எஞ்சினில் தீ வைத்தேன். பிரகாஷ் சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஆணிமுத்து, வெளிய போயி எஞ்சினக் கழட்டி உடு" என்றார்.

அந்த நேரம் பார்த்து ஒருவர் நனைந்துகொண்டே வந்து, "யூசுப்பு, இந்தச் சாக்கக் கொஞ்சம்..." என்றார். "சரிங்க" என்று சொல்லிக்கொண்டே யூசுப் தாயக்கட்டையைக் கையில் எடுத்தார். உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். பித்தளை உரசும் சத்தம். பிறகு சாக்கின்மேல் போட்டார்.

ஒரு கட்டையில் வெறுமை. இன்னொன்றில் ஒற்றைப் புள்ளி.

"தாயம்!" என்று செல்வி போட்ட கூச்சலில் சாக்குக்காரர் பயந்து வெளியே போய்விட்டார்.

பிரகாஷ் சாருக்குக் கேப்டன் பதவி தலைக்கேறியிருந்தது. விதிப்புத்தகத்தைப் பிரித்து, "ஒண்ணு வந்தாப் படுதோல்வி, இதுல போட்டிருக்குது பாருங்க" என்றார்.

"தாயம் உழுந்ததுக்கப்பறம் காய எறக்க உடமாட்டீங்களா சார்? நல்லா இருக்குதே உங்க ஞாயம்!" என்றாள் செல்வி.

தாயம் தாயம்தான் என்று நான் முடித்துவைத்தேன்.

யூசுப் எழுந்து நின்றார். ஆணிமுத்துக்காக வைத்திருந்த அந்தத் தட்டைக் குரலில், "முடியாதுங்க, கேப்டன்" என்றார். பிறகு தன் குரலிலேயே, "எனக்குப் போக இஷ்டமில்லீங்க" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. பிரகாஷ் சார்கூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீ போகலீன்னா கப்பல் வெடிச்சிருமே?" என்று கேட்டார்.

"வெடிக்காதுங்க. நீங்களும் சிஸ்டரும் ஆளுக்கொரு போல்ட்டப் புடிச்சுக்குங்க. நான் உள்ள இருந்தே கழட்டிர்றனுங்க."

நான் எழுதி வைத்த கதையில் அப்படி ஒரு வழியே கிடையாது. ஆனால் விட்டுவிட்டேன். கப்பல் பிழைத்தது.

யூசுப் உட்காரவில்லை. நேராக லேண்ட்லைனுக்குப் போய் எண்ணைச் சுழற்றினார். நாங்கள் மூன்று பேரும் மூலையில் கிடந்த பலாப்பழத்தை அன்றுதான் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தோம். "அத்தா, முடியாதுங்கத்தா. எனக்குச் சென்னை வேண்டாம். நான் இங்கயே பாத்துக்கறேன்." ரிசீவரை வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"என்ன சொன்னாங்க?"

"'இத மொதல்லயே சொல்றதுக்கு என்னடா'ன்னாங்க. கோவமா வெச்சுட்டாங்க."

அந்தப் பெருநாளுக்கு வீட்டில் பாதிப் பேர் அவரோடு பேசவில்லையாம். ஆனால் கடையை மூடவில்லை. எனக்கு அன்று இருந்த சந்தோஷம், அரசு வேலைக்கு ஆர்டர் வந்த அன்றுகூட இருந்ததில்லை.

அப்புறம் யூசுப்புக்கு அந்தச் சொல் நன்றாகப் பழகிவிட்டது. "இல்லீங்க, எடமில்லீங்க" என்று பலாப்பழம் திரும்பிப் போனது. டயர் போனது, பாத்திரங்கள் போயின. கடைக்குத் தரை இருக்கிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது. "யூசுப்பு முன்ன மாதிரி இல்லீங்க" என்று பஸ் ஸ்டாப்பில் பேசிக்கொண்டார்கள். ஒரு மழை ஞாயிறு விதிப்புத்தகத்தோடு போய் நின்றேன். "இல்லீங்க்கா, இன்னிக்கு முடியாதுங்க. மிளகு சலிக்கோணும்" என்றார். வளர்த்த கடா மார்பில் பாய்கிறதே என்று திட்டிக்கொண்டே பஸ் ஏறினேன். இன்னும் ஓரிரு முறை ஆடினோம். மறுக்கத் தெரிந்துகொண்ட ஆணிமுத்துவை வைத்து எப்படி ஆடுவது என்று எங்களுக்கும் தெரியவில்லை, யூசுப்புக்கும் தெரியவில்லை. பிறகு செல்போன் டவர் வந்தது, பிரகாஷ் சாருக்கு மாறுதல் வந்தது, எனக்குக் கல்யாணம் ஆகி நாமக்கல்லுக்கு இறங்கிவிட்டேன். செல்வி இப்போது சேலத்தில் இருக்கிறாள்.

போன வாரம் ஓர் ஆசையில் எல்லோருக்கும் போன் போட்டேன். ஒரு ஞாயிறு சோளக்காட்டில் கூடுவோம், ஆணிமுத்துவைத் திரும்ப எழுப்புவோம் என்றேன். பிரகாஷ் சார் உடனே சம்மதித்தார். தாயக்கட்டை இன்னும் இருக்கிறது, கொண்டுவாரேன் என்றாள் செல்வி.

"இல்லீங்க்கா, முடியாதுங்க" என்றார் யூசுப். முன்பெல்லாம் காரணம் சொல்வார். இப்போது அதுவும் இல்லை. ஊர்க் கதை, பிள்ளைகள் கதை எல்லாம் பிரியமாகப் பேசிவிட்டு, "புது மிளகு அனுப்பறனுங்க்கா" என்று வைத்துவிட்டார். நல்ல காரியம்தான் நடந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பழைய "சரிங்க்கா"வை ஒரே ஒருமுறை கேட்க மாட்டோமா என்று இருந்தது.

மிளகு நேற்று பஸ்ஸில் வந்தது. தட்டில் கொட்டி, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை கிளறிப் பார்த்தேன். கல் இல்லை, காம்பு இல்லை, ஒரு தூசிகூட இல்லை. சுத்தமான மிளகு. யூசுப்பின் கடையில் இப்போது மிளகைத் தவிர வேறு எதுவும் கிடையாது.