அண்ணிக்கு மட்டும் ஒத்திகை இல்லை

அந்தப் பயண ஏற்பாட்டு அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் ஒத்திகையம்மா. பெயர் வைத்தவர்கள் வாடிக்கையாளர்கள்தான். முதலில் கிண்டலாக, பிறகு மரியாதையாக. வெளிநாட்டுக்குக் கிளம்புகிறவர் எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் சரி, டிக்கெட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டிவிட முடியாது. அவள் மேஜைக்கு முன்னால் நின்று, இப்போதுதான் விமானத்திலிருந்து இறங்கிய மாதிரி நடித்துக் காட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் டிக்கெட் உறை கைக்கு வரும்.

"போனை ஃப்ளைட் மோடுல போடுங்க. போட்டாச்சா? இப்ப இறங்கிட்டீங்க. எடுத்து விடுங்க. அடுத்து என்ன?"

"நெட் வரலையேம்மா."

"வராது. அந்த ஊர் சிம்மை இங்கேயே உங்க போனுக்குள்ள ஏத்தியாச்சு. ஆனா அங்க போனதும் ரோமிங்கை நீங்கதான் ஆன் பண்ணணும். எங்க இருக்கு அது? தேடுங்க. என் மூஞ்சியைப் பாக்காதீங்க, அதுல எழுதியில்ல."

அதோடு விடமாட்டாள். நெட் வந்ததும் கார் கம்பெனிக்காரன் அனுப்பிய செய்தியைத் திறந்து, 'இறங்கிவிட்டேன்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் டிரைவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேறு ஆளை ஏற்றிக்கொண்டு போய்விடுவான். இதெல்லாம் ஒழுங்காக முடிந்தால், போனையே பிடுங்கி இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, "போன் தொலைஞ்சுபோச்சு. இப்ப என்ன பண்ணுவீங்க?" என்பாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இந்தக் கட்டத்தில் வியர்த்து விறுவிறுத்து நாற்காலியில் உட்கார்ந்தே விட்டார். அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடித்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். போன் தொலைந்தால் எடுத்து நீட்டத்தான் ஒரு தாள். அந்த ஊர் எழுத்திலேயே போக வேண்டிய விலாசமும், ஏற வேண்டிய ரயிலும், இறங்க வேண்டிய நிலையமும் அதில் அச்சாகியிருக்கும்.

"ஏம்மா, இது ட்ராவல்ஸா, நாடகக் கம்பெனியா?" என்று முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் அவள் அனுப்பிய ஆள் ஒருவர்கூட எந்த ஊரிலும் திண்டாடியது கிடையாது. அதனால் அடித்துக்கொண்ட கையை இறக்கிவிட்டு அவர் தன் வேலையைப் பார்ப்பார்.

இத்தனை கண்டிப்பும் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டிருந்தால், அண்ணியிடமிருந்து என்று பட்டென்று சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை.

அவளுக்குச் சின்ன வயதில் கடல் தாண்டி ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. குடும்பத்தில் விமானம் ஏறப்போகிற முதல் ஆள். 'எந்த விமானத்தில் வருகிறாய் என்று எழுது, வண்டி அனுப்புகிறோம்' என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அண்ணி அதை வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"வண்டியெல்லாம் எதுக்கு? என் தம்பி அங்கதானே இருக்கான்? அவன் வந்து கூட்டிட்டுப் போக மாட்டானா? வேண்டாம்னு எழுதிப் போடு."

எழுதிப் போட்டாள், அசடு. போய் இறங்கினாள். வெளியேறும் வாசலில் பெயரெழுதிய அட்டைகளைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ பேர் நின்றார்கள். அவள் பெயர் ஒன்றிலும் இல்லை. கூட்டம் வந்தது, போனது, மறுபடி வந்தது. கைபேசி என்ற ஒன்று கைக்கு வராத காலம். பெட்டியைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தவள், தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் மறுநாள் வரை அங்கேயே இருந்தாள். கையில் திரும்புகிற டிக்கெட் இருந்தது. அதைக் காட்டி அடுத்த விமானத்தில் ஏறி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வேலை வேறொருத்திக்குப் போய்விட்டது.

"ஏர்போர்ட்டைச் சுத்திப் பாத்துட்டு வந்தாச்சா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. "அன்னைக்குன்னு பாத்து அவனுக்கு ஜுரம்மா, பாவம்" என்றாள். சில வருஷம் கழித்து அந்தத் தம்பி வீட்டுக்கு வந்தான். பேச்சுவாக்கில் விஷயம் வந்தது. அவன் விழித்தான். "நீங்க அங்க வந்தீங்களா? எப்போ? என்கிட்ட யாருமே சொல்லலையே!" அந்த நேரம் பார்த்து அண்ணி அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாக எழுந்து உள்ளே போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

தம்பி வீட்டில் நாத்தனார் போய் ஒட்டிக்கொள்வாளோ என்ற பயம். வேறென்ன? அந்த அற்பப் பயத்துக்கு ஒருத்தியின் வாழ்க்கையையே காவு கொடுத்தாள் மகராசி. அண்ணன் முகத்துக்காக அவள் சண்டை போடவில்லை. சிரித்துப் பேசினாள், வீட்டுக்குப் போனாள், வந்தாள், உள்ளுக்குள் கறுவிக்கொண்டே இருந்தாள். என்றைக்காவது ஒரு நாள் அண்ணி அந்த வாசலில் நிற்க வேண்டும். அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். தன் பெயர் ஒன்றிலும் இல்லை என்று தெரிய வேண்டும். இந்த ஓர் ஆசையைத்தான் அவள் வருஷக்கணக்கில் சோறு போட்டு வளர்த்தாள்.

அந்த நாள் தன் காலாலேயே நடந்து வந்தது. அண்ணன் போன பிறகு தனியாக இருந்த அண்ணிக்கு, வெளிநாட்டில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் போக வேண்டியிருந்தது. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. வந்து சேர நாளாகும். மகள் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விமானம் இறங்கும் ஊரிலிருந்து அவள் வீட்டுக்குக் காரில் கொஞ்ச தூரம், பிறகு ரயில்.

"அத்தை, அம்மா தெருமுனைக் கடைக்கே துணையோட போறவங்க. நீங்க பாத்துக்கிட்டா எனக்குக் கவலையே இல்ல" என்று அண்ணன் மகள் போனில் சொன்னாள். அந்தப் பெண்ணின் மேல் அத்தைக்கு உயிர். இருந்தும், "எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று சொன்னபோது நாக்கு கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

அண்ணி மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். டிக்கெட், சிம், கார், ரயில் எல்லாவற்றையும் ஒத்திகையம்மா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு போட்டாள். ஒரு பிசகு கிடையாது. ஒரு பொய் கிடையாது. நாளைக்கு யாரும் குற்றம் சொல்ல முடியாது.

"எல்லாரையும் நிக்க வச்சு என்னென்னமோ கேப்பியாமே? எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்றாள் அண்ணி, புதுப் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

"நம்ம வீட்டு ஆளுக்கு அதெல்லாம் எதுக்கு அண்ணி? எல்லாம் போன்லயே இருக்கு."

"எதையாவது அழுத்தணுமா?"

"அங்க போனா தானா வரும்."

சரி, ஒரே ஒரு பொய். அதைச் சொல்லும்போது எவ்வளவு இனித்தது தெரியுமா? அச்சு இயந்திரம் பழக்க தோஷத்தில் விலாசத் தாளைத் துப்பியது. அண்ணி படியிறங்கிப் போகும் வரை அதை முழங்கைக்கு அடியில் மறைத்து வைத்திருந்து, பிறகு நிதானமாக நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டாள்.

விமானம் இறங்குகிற அன்று அவள் அலுவலகத்துக்குச் சீக்கிரமே வந்துவிட்டாள். திரையில் சின்ன விமானம் கடலைத் தாண்டி நகர்வதைப் பார்த்துக்கொண்டே மூன்று பேருக்கு ஒத்திகை நடத்தினாள். யாரையும் அதட்டவில்லை. "என்னம்மா, இன்னைக்கு முகத்துல இவ்வளவு வெளிச்சம்?" என்று முதலாளி கேட்டார். 'இறங்கியது' என்று திரையில் வந்ததும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். இந்நேரம் அண்ணி போனைத் தட்டிக்கொண்டிருப்பாள். தட்டட்டும். நன்றாகத் தட்டட்டும்.

கை கழுவிக்கொண்டிருந்தபோது கார் கம்பெனியிலிருந்து போன் வந்தது.

"மேடம், உங்க கஸ்டமர் இறங்கிட்டேன்னு இன்னும் அழுத்தலை. நீங்க அனுப்பற ஆளுங்க இப்படிப் பண்ணவே மாட்டாங்களேன்னுதான் கேக்கறேன். டிரைவரை இன்னும் கொஞ்ச நேரம் நிக்கச் சொல்லட்டுமா?"

ஒரு 'ம்' போதும். அவள் ஈரக் கையோடு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெஞ்சும், பெட்டியும், வறண்ட தொண்டையும் நேற்று நடந்தது போல வந்து நின்றன.

"வேண்டாம், விட்டுடுங்க" என்றாள்.

சொன்ன பிறகு நெஞ்சு படபடத்தது. பயத்தில் அல்ல, சத்தியமாகச் சந்தோஷத்தில். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, அண்ணியின் அழுகைக் குரலுக்காகக் காத்திருந்தாள். அப்புறம்தான் உறைத்தது: நெட்டும் இல்லை, ரோமிங்கும் இல்லை, அண்ணி எப்படி அழைப்பாள்? தன் பழியைத் தானே பார்க்க முடியாதபடி கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். அட, புத்திசாலியே!

அழைத்தது அண்ணன் மகள். "அத்தை, அம்மா போன் போகவே மாட்டேங்குது. கார்ல ஏறிட்டாங்களா?"

"வந்துடுவாங்கம்மா. நீ எழுந்திருக்காதே."

மறுபடியும் அழைத்தாள். மூன்றாவது முறை அழுதாள். "நானே போய்ப் பாக்கட்டுமா அத்தை?"  அத்தை போகாதே, போகாதே என்று கெஞ்சிவிட்டு, கார் கம்பெனியைக் கூப்பிட்டாள். டிரைவர் வேறு சவாரியில் எங்கோ போய்விட்டான். விமான நிலைய விசாரணை எண்ணுக்கு அடித்தாள், இயந்திரம்தான் பேசியது. அந்த நேரத்திலும் மனசின் ஒரு மூலை, அண்ணி இன்னும் நிற்கிறாள், நன்றாக நிற்கட்டும் என்று கும்மாளம் போட்டது. வெட்கங்கெட்ட மனசு. அவள் அதை அடக்கவும் இல்லை.

அலுவலகம் மூடுகிற நேரத்துக்குப் போன் மணி அடித்தது. மகளின் எண். பேசியது அண்ணி.

"நான் வந்து சேந்துட்டேன்!" குரலில் அழுகை இல்லை. பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்த பிள்ளை மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள். "உன் போனும் வேலை செய்யல, காரும் வரல. போ, பரவாயில்ல. தரை துடைச்சிட்டிருந்த ஒரு அம்மாகிட்ட போய் நின்னேன். அவ பேசறது எனக்குப் புரியல, நான் பேசறது அவளுக்குப் புரியல. என் பொண்ணு போன மாசம் எனக்கு ஒரு பார்சல் அனுப்பினாள்ல, அந்த அட்டைப்பெட்டியில இந்த வீட்டு விலாசம் ஒட்டியிருந்துச்சு. எதுக்கும் இருக்கட்டும்னு கிழிச்சுப் பையில வச்சிருந்தேன். அதைக் காட்டினேன். அவ துடைப்பத்தைப் போட்டுட்டு என்னைக் கூட்டிட்டுப் போய் பஸ்ல ஏத்திவிட்டா. பஸ்காரன் ரயில்ல ஏத்திவிட்டான். ரயில்ல ஒரு காலேஜ் பொண்ணு வீட்டு வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டுப் போச்சு. எல்லாரும் மனுஷங்கதானேம்மா!"

"சரி அண்ணி. நல்லபடியா..." என்று இழுத்தாள். வயிறு பற்றி எரிந்தது. தெருமுனைக் கடைக்குத் துணை தேடும் பொம்பளைக்கு, வாழ்க்கையிலேயே ஒரு வீரச் செயலைத் தன் கையால் தூக்கிக் கொடுத்திருக்கிறாள்! இனி சாகிற வரைக்கும் இதையே சொல்லிக்கொண்டிருப்பாள்.

அண்ணி குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்லணும் உன்கிட்ட. அன்னைக்கு நான் என் தம்பிகிட்ட சொல்லவே இல்ல. வேணும்னுதான் சொல்லல. அது உனக்கும் தெரியும்னு எனக்குத் தெரியும். உன் அண்ணன் கண்ணை மூடற வரைக்கும் அவர்கிட்ட சொல்ல வாய் வரல. எத்தனை வருஷமா அது என்னை அறுத்துக்கிட்டே இருக்கு தெரியுமா? ராத்திரியில உன் முகம் வந்து நிக்கும்."

அவள் காதை இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டாள். இதைக் கேட்கத்தானே இத்தனை வருஷம்.

"இன்னைக்கு அந்த வாசல்ல நிக்கறப்போ உன்னைத்தான் நினைச்சேன். நீ படிச்சவ. நாலு பாஷை தெரிஞ்சவ. கையில கம்பெனி விலாசம் வேற இருந்துச்சு. நீ ஏன்மா யாரையும் கேக்கல? ஏன் திரும்பி வந்தே?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். நீங்கள் செய்த துரோகம் என்று சொல்லியிருக்கலாம். வேறு எது வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். வாயிலிருந்து வந்ததோ, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்ணின் குரல்.

"பயமா இருந்துச்சு அண்ணி. யாரையும் கேக்க வெக்கமா இருந்துச்சு."

 மறுமுனையில் அண்ணி பெரிதாக மூச்சு விட்டாள்.

"அவ்வளவுதானா? அடி அசடே! நான் என்னமோ எல்லாம் என்னாலதான்னு நினைச்சு இத்தனை வருஷம் செத்துச் செத்துப் பொழைச்சேனே."

மறுநாள் அண்ணன் மகள் கூப்பிட்டாள். "அப்பா போனதுலேருந்து மாத்திரை இல்லாம தூங்கினதே இல்ல அத்தை. நேத்து அம்மா குறட்டை விட்டுத் தூங்கினாங்க" என்று சந்தோஷமாகச் சொன்னாள்.