தட்டினால் நகரும் தாய்மாமன்

சங்கராபுரத்தில் ஃப்ளெக்ஸ் பேனர் வடிவமைக்கும் முருகவேலுக்குப் பொறுமை கம்மி. லேப்டாப்பின் டச்பேடைக்கூடக் கதவைத் தட்டுவது போலத்தான் தட்டுவார். விண்டோஸ் படுத்துவிட்டது என்று ரிப்பேர்காரர் லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். அதில் தட்டினால் ஒன்றும் நடக்கவில்லை, அழுத்த வேண்டியிருந்தது. மனிதர் அந்த வாரம் முழுக்க வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் மனைவி வளர்மதிதான் செட்டிங்ஸுக்குள் போய், தட்டினாலே கிளிக் ஆகும்படி மாற்றிக் கொடுத்தாள்.

பிறகு வேறு தொல்லை. உள்ளங்கை லேசாகப் பட்டாலே கிளிக் ஆகும். கிளிக் ஆன படம் கையோடு நகரும். ஒரு கல்யாண பேனரில் மாப்பிள்ளை நகர்ந்துபோய் மாமியார் பக்கத்தில் நின்றார்.

"அப்பிடி நகர்றத நிறுத்திடலாங்க. ஒரு பட்டன அணைச்சா போதும்" என்றாள் வளர்மதி.

"எனுக்கே தொழில் கத்துக் குடுக்கிறியா?"

அந்தப் பட்டன் அணைக்கப்படாமலே இருந்தது.

இந்த நிலையில்தான் வெள்ளிமலையில் இருக்கும் தங்கை பெருமாயியின் மகள் அபிநயாவுக்கு மஞ்சள் நீராட்டு வந்தது. முன்பு பெருமாயியின் மூத்த பையன் காதுகுத்துக்கு முருகவேல் அடித்த பேனரில், தாய்மாமனான அவர் ஆள் உயரத்துக்கு நின்றார். பையனைப் பெற்ற முனியன் மூலையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்தார். அன்றிலிருந்து முனியன் மச்சானோடு பேசுவதில்லை. நடுவில் மாட்டிக்கொண்டவள் பெருமாயி.

"இந்த வாட்டியாவது அவர பெருசா போடுண்ணா. ரெண்டு பேரும் பேசாம இருக்கிறது எனுக்குத் தாங்கல" என்று போனில் அழுதாள்.

போட்டார். முனியனை நடுவில் பெரிதாகவே போட்டார். பக்கத்தில் தன்னை அதைவிடக் கொஞ்சம் உயரமாகப் போட்டுக்கொண்டார். தாய்மாமன் இல்லாமல் மஞ்சள் நீராட்டா என்று நியாயம் வேறு. கடைசியாகக் கீழே தன் பெயரை டைப் செய்தார். அவருக்குக் கீபோர்டைப் பார்த்துத்தான் டைப் செய்ய வரும். உள்ளங்கை டச்பேடில் பட்டதும், தன் படம் பேனர் ஓரத்தைத் தாண்டி வெளியே போனதும் கண்ணில் படவில்லை. மறுபடி பார்க்கப் பொறுமையில்லாமல் அப்படியே கள்ளக்குறிச்சிக்கு அனுப்பி அச்சடித்து, சுருட்டிய பேனரோடும் வளர்மதியோடும் மலைக்குப் பஸ் ஏறினார்.

வாசலில் பேனரைப் பிரித்துக் கட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. நடுவில் முனியன் ராஜா மாதிரி நின்றார். பக்கத்தில் வெறும் ரோஜாப் பூக்கள். அதற்குக் கீழே 'தாய்மாமன் முருகவேல்' என்று பெயர் மட்டும். முருகவேலுக்கு அழுகையே வந்துவிட்டது.

அதற்குள் முனியன் நேராக வந்து அவர் கையைப் பிடித்தார்.

"மச்சான், என்னிய இம்மாம் பெருசா போட்டுட்டு உங்க படத்தயே எடுத்துட்டீங்களே! நான்தான் உங்கள தப்பா நெனச்சிக்கினு இருந்துட்டேன்."

"அது வந்து மச்சான், டச்பேடுல…"

வளர்மதி அவர் காலை நன்றாக மிதித்தாள்.

"நம்ம புள்ள விசேசம். என் படம் இன்னாத்துக்கு?" என்று முடித்தார் முருகவேல். பச்சைப் பொய். ஆனாலும் முனியன் பிடித்த கையை விடாதது அவருக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

பெருமாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"தை மாசம் சின்னவனுக்குக் காது குத்தறோம்ண்ணா. அதுக்கும் நீயே பேனர் அடிச்சிடு. இதே மாதிரி, உன் படம் இல்லாம."