தலைவலி வராத மாத்திரை

அரசு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த மருந்தை எதில் வைக்க வேண்டும், எப்படிக் கொடுக்க வேண்டும், கொடுத்த பின் எங்கே கையெழுத்து வாங்க வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். இந்த அறிவால் என் அக்காவுக்கு ஒரு பிரயோஜனமும் இருக்கவில்லை.

அத்திம்பேருக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, காஞ்சிபுரத்தில் ஒரு பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் சமையல் வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் கடைசியில் அவருக்கு நெஞ்சுவலி ஆரம்பித்தது. அண்டாவைத் தூக்கினால் வலிக்கும். இறக்கிவிட்டு உட்கார்ந்தால் போய்விடும். இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் குறுகிவிட்டன, சும்மா இருக்கும்போது வருகிற ரத்தம் போதும், வேலை செய்தால் போதாது என்றார் டாக்டர். அண்டா தூக்காதீர்கள் என்றார். பெருமாளின் பசிக்கு அவர் எதுவும் எழுதித் தரவில்லை.

இதயத்தின் அவசரத்தைத் தணிக்கும் புது மாத்திரை ஒன்று அப்போது வந்திருந்தது. ஆனால் அடுப்புப் புகையில் அத்திம்பேருக்கு ஏற்கெனவே இழுப்பு. அது மூச்சுக்குழாயை இன்னும் இறுக்கிவிடும் என்பதால் இவருக்குக் கிடையாது என்றாயிற்று. மிஞ்சியது நாக்கடியில் வைக்கிற சின்ன மாத்திரை. பாறைக்கு வைக்கும் வெடியில் இருக்கிற அதே சரக்கு.

“வெடியை வாயில வெச்சுக்கச் சொல்றயேடா, உன் அக்கா சொல்லிக் குடுத்தாளா?”

“முழுங்கப்படாது அத்திம்பேர். முழுங்கினா மருந்தை ஈரல் அழிச்சுடும். உக்காந்துண்டு, நாக்குக்கு அடியில கரைய விடணும்.”

அது ரத்தக் குழாய்களைத் தளர்த்தும். கால், வயிற்றுப் பக்கத்துச் சிரைகள் விரிந்து கொஞ்சம் ரத்தத்தைத் தங்களிடமே நிறுத்திக்கொள்ளும். இதயத்துக்குத் திரும்பி வரும் சுமை குறையும். அண்டாவை இன்னொருவர் ஒரு பக்கம் பிடித்த மாதிரி. தலையில் உள்ள குழாய்களும் விரிவதால் மண்டை தெறிக்கும்.

பழுப்புக் கண்ணாடிப் புட்டி, இறுக்கமான மூடி, வேறு எதிலும் மாற்றக் கூடாது, மாற்றினால் மருந்து ஆவியாகிவிடும் என்று அக்காவிடம் சொல்லி, திருப்பிச் சொல்லவும் வைத்தேன். பிழையில்லாமல் ஒப்பித்தாள்.

விடுப்பில் வீட்டில் இருந்தவரை அத்திம்பேர் என்னைத் திட்டித் தீர்த்தார். “உன் மருந்து நெஞ்சை விட்டுட்டு மண்டையைப் பிடிச்சுண்டுடுத்து!” எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மருந்து வேலை செய்கிறது.

வேலைக்குத் திரும்பிய சில வாரங்களில் தலைவலி நின்றுவிட்டது. “பழகிடுத்துடா அவருக்கு,” என்று அக்கா பாயசம் வைத்தாள். நாளடைவில் பலருக்குத் தலைவலி குறையும் என்று புத்தகத்திலும் இருந்தது. மாடத்தில் புட்டி இருந்தது, மூடி இறுக்கமாக இருந்தது. பாயசம் இரண்டாம் முறை வாங்கிக் குடித்தேன். நெஞ்சுவலியோ உட்கார்ந்தாலே போகிற வலி. போனது மாத்திரையாலா, உட்கார்ந்ததாலா என்று யார் கண்டார்கள்?

ஒரு உற்சவத்தன்று காலையில் ஆள் வந்து கூப்பிட்டான். மடைப்பள்ளிக்கு வெளியே நடையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் அத்திம்பேர். நான் சொன்னபடியே உட்கார்ந்துதான். உயிர் இல்லை. நாக்கடியில் கரைந்தும் கரையாமலும் மாத்திரை. கையில் அக்காவின் வெள்ளிக் குங்குமச் சிமிழ்.

அப்போதுதான் புரிந்தது. குளித்து மடி உடுத்தியவர் ஆஸ்பத்திரிப் புட்டியைத் தொடக் கூடாது. வெள்ளிக்குத் தீட்டில்லை. ஆகவே அக்கா சிமிழைப் புளி போட்டுத் தேய்த்து, மாத்திரைகளில் பாதியை அதில் மாற்றிக் கொடுத்திருக்கிறாள். அவர் அதை இடுப்பில் செருகிக்கொண்டு நாள் முழுக்க அடுப்பு முன்னால் நின்றிருக்கிறார். லொடலொடத்த மூடி. மருந்து எப்போதோ போய்விட்டது. மாத்திரை மட்டும் இருந்தது.

அசல் மருந்தாக இருந்தால் பிழைத்திருப்பாரா? அதையும் சொல்ல முடியாது. அது சுமையைக் குறைக்கும், அடைப்பைத் திறக்காது.

சிமிழில் மிச்சமிருந்ததில் ஒன்றை எடுத்து என் நாக்கடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுண்ணாம்புத் துகள் மாதிரி இருந்தது.

அக்காவை அழைத்து வந்தார்கள். அழுகைக்கு நடுவே என் தோளைப் பிடித்தாள்.

“மாத்திரை போட்டுண்டாரோன்னோடா?”

“போட்டுண்டார்க்கா.”

“கடைசியில தலையை வலிச்சிருக்குமோ, பாவம்?”

“வலிச்சிருக்காதுக்கா,” என்றேன். எனக்கும் வலிக்கவில்லை.