பதின்மூன்றாம் மாதத்துப் பிள்ளை

எனக்கும் என் நாத்தனாருக்கும் ஏழாம் பொருத்தம். அவள் மழை என்றால் நான் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவேன். அப்படிப்பட்ட நானே இதை நம்புகிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இது நடந்தது.

அவளுக்கு மென்பொருள் எழுதும் வேலை. அப்போது கையில் இருந்தது, வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றுக்கான நோயாளிப் பதிவு. அந்த நாட்டுக் காலண்டரில் வருடத்துக்குப் பதின்மூன்று மாதம். கடைசி மாதத்துக்கு ஐந்தே நாள். மென்பொருளுக்கோ பன்னிரண்டுக்கு மேல் தெரியாது. பதின்மூன்று என்று போட்டால், அடுத்த வருடத்து முதல் மாதமாக மாற்றிவிடும். மேலாளரிடம் சொன்னாள்.

“அஞ்சு நாள் சமாச்சாரம்மா. இன்னைக்கு சாயங்காலம் அனுப்பியாகணும். அடுத்த தடவை பாத்துக்கலாம்.”

இவளும் தலையாட்டிவிட்டாள்.

மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். உதவி எண்ணுக்கென்று வாங்கி வைத்திருந்த போன் அடித்தது. அந்த எண்ணை அதுவரை யாருக்குமே கொடுக்கவில்லை.

எடுத்தாள். ஒரு பெண் குரல். பின்னால் ஒரு குழந்தை வீல் வீலென்று அழுதது.

“இப்பதாங்க பொறந்தா. மூச்சுத் திணறுது. பேரப் பதிய முடியலையாம். பதிஞ்சாத்தான் மருந்தாம்.”

“என்ன தேதி போட்டாங்க?”

“பதிமூணாம் மாசம், மூணாம் தேதி. இவ இன்னும் பொறக்கவே இல்லன்னு காட்டுதாம். என் கண்ணு முன்னாடி அழுவுறாளே...”

அந்த மாதம் வருவதற்கே இன்னும் பத்து நாள் இருந்தது. மென்பொருள் இன்னும் அலுவலகத்தை விட்டே போகவில்லை. அந்த ஊர்க்காரிக்கு நம் பேச்சு எப்படி வந்தது... இவளுக்கு எதுவுமே உறைக்கவில்லை. காது முழுக்க அந்த அழுகைதான்.

“வைக்காதீங்க. இதோ சரி பண்றேன்.”

தட்டினாள். தப்பாய் விழுந்தது. அழித்தாள். மறுபடி தட்டினாள்.

அழுகை தேய்ந்தது.

வீல்... வீ...

பிறகு சத்தமே இல்லை.

“அம்மா? இருக்கீங்களா?”

“சீக்கிரம்...”

பதின்மூன்றாம் மாதம் திரையில் வந்தது. மூன்றாம் தேதியைப் போட்டாள். ஏற்றுக்கொண்டது.

குழந்தை வீறிட்டது.

இணைப்பு அறுந்தது.

சாயங்காலம் மென்பொருள் போய்ச் சேர்ந்தது. நடந்ததைப் பற்றி அவள் அப்போது யாரிடமும் வாய் திறக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அந்த மருத்துவமனை அதிகாரி நன்றி சொல்ல அழைத்தார். ஆங்கிலத்தில்தான் பேசினார். பதின்மூன்றாம் மாதம் மூன்றாம் தேதி அங்கே பிறந்தது ஒரே ஒரு குழந்தையாம். பெண். மூச்சுத் திணறலாம். சட்டென்று பதிந்து, மருந்து கொடுத்ததில் பிழைத்துவிட்டாளாம்.

நாத்தனார், அந்தத் தாயிடம் ஒரு வார்த்தை பேச முடியுமா என்று கேட்டாள்.

அதிகாரி பதிவைத் திறந்து பார்த்துச் சொன்னார்.

பிரசவத்திலேயே இறந்துவிட்டாளாம். பிள்ளை முகத்தைக்கூடப் பார்க்கவில்லையாம்.