பங்குதாரர் பெஞ்சில் ஒரு பங்காளி

சென்ற மாதம் சேலத்தில் என்னைப் பஸ் கம்பெனிப் பங்குதாரர் ஆக்கிவிட்டார்கள். நான் கேட்கவில்லை.

என் பஸ்ஸை உங்களில் பலருக்குத் தெரியும். நாமக்கல்லில் இருந்து ராசிபுரம் போகும். போய்க்கொண்டிருந்தது — கம்பெனி வரும் வரை.

எனக்கும் சித்தப்பா மகன் செங்கோடனுக்கும் ஒரே காடு, பாட்டன் உழுத நிலம். பாகம் பிரித்தோம். இருவருமே விற்றோம். நான் பஸ் வாங்கினேன். அவன் கம்பெனியில் பங்கு வாங்கினான். காசைக் கொடுத்துக் காகிதம் வாங்குகிறானே என்று சிரித்தேன்.

கம்பெனி என்ன செய்தது? என் பஸ்ஸுக்கு முன்னால் ஒன்று விட்டது. பின்னால் ஒன்று விட்டது. பாதி டிக்கெட். ஏறினால் வெற்றிலை பாக்கு சும்மா. என் பஸ்ஸில் நானும் கிளீனரும்தான். என்னைப் போன்ற ஒற்றை பஸ்காரர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினோம். அப்புறம்? டிக்கெட் ஏறியது. வெற்றிலை நின்றது.

என் பஸ்ஸில் கோழி அடைகாத்தது. செங்கோடன் ஓட்டு வீடு கட்டினான். கைக்கடிகாரம் கட்டினான். கேட்காதவர்களுக்கும் மணி சொன்னான். அதைப் பார்க்க முடியாமல் நான் கொல்லை வழியாகப் போய்வந்தேன்.

ஒற்றை பஸ்காரர்கள் சேர்ந்து மனுப் போட்டோம். ரோடெல்லாம் ஒரே கம்பெனி கையில் இருக்கலாமா? சர்க்கார் விசாரணை வைத்தது. கம்பெனியை உடைத்தால் என் பஸ் ஓடும். இல்லாவிட்டால் பழைய இரும்புக்குப் போடவேண்டியதுதான்.

சேலத்தில் விசாரணை நடந்த கலெக்டர் கச்சேரி வாசலில் ஒரே கூட்டம். சேவகர் மறித்தார்.

"யாரோட ஆளுங்க நீங்க?"

உள்ளே எனக்குத் தெரிந்த தலை ஒன்றுதான் தெரிந்தது.

"அதா, கடியாரம் கட்டிட்டு நிக்கறானே செங்கோடன்... அவனுக்குப் பங்காளிங்க."

அவர் காதில் பாதிதான் விழுந்தது. "கம்பெனிப் பங்குங்களா? அந்த பெஞ்சுக்குப் போங்க."

எங்கள் ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். நான் உட்கார்ந்த பெஞ்சுப் பக்கம் விசிறி. இந்தப் பக்கம் நன்னாரி சர்பத். எழுந்து போயிருக்கலாம். சர்பத் வந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் நாமகிரிப்பேட்டை மஞ்சள் வியாபாரி ஒருவர். வேர்வையைத் துடைத்தபடி இருந்தார்.

"ஒடச்சுப்போட்டாங்கன்னா நம்ம பங்கு வடை சுத்தற காயிதமுங்க."

"ஆமாங்க" என்றேன். வயிறு குளிர்ந்தது. சர்பத்தால் மட்டும் அல்ல.

அதிகாரி ஒவ்வொருவராகக் கேட்டு வந்தார். கம்பெனியை இரண்டாகப் பிரிப்பதில் ஆட்சேபணை உண்டா? பெஞ்சு முழுக்க உண்டு, உண்டு என்றது. என் முறை வந்தது.

"ஆட்சேபணை இல்லீங்க. நல்லா ஒடைங்க."

மஞ்சள் வியாபாரி என்னைப் பிடித்து உலுக்கினார். "என்னங்க இது! சொந்த ஊட்டுக்கே கொள்ளி வெக்கறீங்க?"

அதிகாரி நிமிர்ந்தார். "பங்குதாரரே சம்மதிக்கிறாரே!"

செங்கோடன் எழுந்தான். "அவரு பங்குதாரர் இல்லீங்க சாமி. பங்காளிங்க."

"என்ன வித்தியாசம்?"

"கம்பெனி நல்லா இருக்கோணும்னு நெனைக்கறவரு பங்குதாரருங்க. பங்காளின்னா..." என்று என்னைப் பார்த்தான். மேலே சொல்லவில்லை.

சொல்லவேண்டியிருக்கவில்லை. கச்சேரியே சிரித்தது. விசிறி இழுக்கிறவன்கூடக் கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தான். நான் சுவரோரம் போய் நின்றேன்.

சாயங்காலம் உத்தரவு வந்தது. கம்பெனி இரண்டாகிறது. ராசிபுரம் ரோட்டில் ஒற்றை பஸ்களும் ஓடலாம்.

ஜெயித்துவிட்டேன்! செங்கோடன் முகத்தைப் பார்க்க வெளியே ஓடினேன். அழுதிருக்க வேண்டாமா? பீடா மென்றுகொண்டிருந்தான்.

"ஏண்ணா, இப்ப சந்தோசம்தானே?"

"உன்ற காயிதம் என்னாச்சு?"

"அதுக்கென்ன? பழைய பங்குக்கு ரெண்டு கம்பெனியிலயும் பங்கு குடுக்கறாங்க. அந்த மஞ்சக்காரரு இப்பவே சாஸ்தி வெலைக்குக் கேக்கறாரு. நான் குடுக்கலீங்ணா."

ஊர் வந்து திண்ணையில் சாய்ந்தேன். வீட்டுக்காரி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"நம்ம பஸ்ஸு ஓடப்போவுதில்ல? பொறவென்ன மூஞ்சி இப்பிடி? காச்சலுங்களா?"

காய்ச்சல்தான். பங்காளிக் காய்ச்சல் என்று ஊரில் சொல்வார்களே, அது. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அவனுக்கு ஒன்றும் போகவில்லை. இதற்கு என்ன கஷாயம் இருக்கிறது?

நேற்று பஸ்ஸை எடுத்தோம். கோழியை இறக்கினோம். கிளீனர் கைப்பிடி சுற்றினான். உறுமியது. ராசிபுரம் ரோடு அப்படியே இருந்தது.

முதலில் வந்து ஏறியவன் செங்கோடன். அவன் கம்பெனி பஸ் இரண்டு பின்னால் நிற்கிறது. ஏன் இதில் ஏறினான்? அன்பா, வேவா... இன்னும் தெரியவில்லை. முன் சீட்டில் உட்கார்ந்தான். மணி பார்த்தான்.

"நேரமாச்சுங்ணா, எடுக்கலாம்."

டிக்கெட் கொடுத்தேன். காசு கொடுத்தான்.

இரண்டு கம்பெனிக்காரனுக்கு இரண்டு டிக்கெட் கிழித்திருக்கலாம். ராசிபுரம் போய்ச் சேர்ந்த பிறகுதான் தோன்றியது.