வென்றவர் போடும் தேநீர்

மிச்சம் என்ற ஆங்கிலேய ஊரின் தேவாலய மண்டபத்தில், மேசைகளைச் சேர்த்துப் போட்டு, பழைய பொம்மைக் கார்களுக்கு நேரான மின்சாரப் பந்தயப் பாதை அமைத்திருக்கிறார்கள். மாணவனாக இங்கிருந்த காலத்தில் சேவியர் அண்ணையை நான் வென்றதே இல்லை. இன்று கோலாலம்பூரிலிருந்து அன்று ஓட்டிய அதே சிவப்புப் பொம்மைக் காரோடு வந்து நிற்கிறேன்.

அண்ணை தன் காரின் பின்சக்கரங்களை ஒட்டுநாடாவில் உருட்டித் தூசி எடுக்கிறார்.

"தோக்கிறதுக்கெண்டே பிளேன் ஏறி வந்தனீரோ?"

"ஆமாண்ணே, விட்டுக் கொடுத்துடாதீங்க."

பச்சை விளக்கு எரியுமுன் கிளம்பினால் தோல்வி. விளக்கு எரியுமுன்பே அண்ணை கைவிசையை அழுத்த, அவர் கார் பாய்கிறது. என் கார் சாவகாசமாகக் கோட்டைத் தொடுகிறது.

"கை அவசரப்பட்டிட்டுது," என்று சிரிக்கிறார். "வெண்ட ஆள்தானே தேத்தண்ணி போடவேணும்? போம், போம்."

அன்றெல்லாம் எனக்குத் தேநீர் போட்டுத் தந்தவர் அவர். நான் சந்தோஷமாகக் கெட்டிலில் தண்ணீர் பிடிக்கிறேன்.