மீனுக்கு முளைக்கும், உனக்கு முளைக்காது

சுபஹுத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் யாரோ இறந்ததாக ஜனாஸா அறிவித்தார்கள். நான் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு இடது செவி கேட்காது. வலது செவியைத் திருப்பினேன். "மீன்தொட்டி நசீமா" என்றது விழுந்தது. மையித்து வீட்டு வாசலில் யாரோ என் கையிலிருந்து விளக்குமாற்றை வாங்கி வைத்தார்கள். அதோடுதான் ஓடியிருக்கிறேன்.

உங்களில் பலர் நசீமா ராத்தாவிடம் அழகுமீன் வாங்கியிருப்பீர்கள். அங்கே தொட்டி கழுவியவள் நான்.

என் செவி போனது புருசன் அறைந்ததில். கறியில் உப்புக் கூடிவிட்டதாம். தலை சுவரில் மோதியது. செவியிலிருந்து ரத்தம் கழுத்துக்கு வடிந்தது. முக்காட்டால் பொத்திக்கொண்டு ராத்தா வீட்டுக்கு ஓடினேன். அடி விழுந்தால் ஓடுவதும், அவர் கோபம் தணிந்ததும் திரும்பிப் போவதும் எனக்குப் பழக்கம்.

"ஒண்டும் இல்ல ராத்தா, ஆறிடும்" என்றேன்.

அவ கோடு போட்ட சின்ன மீன்கள் ஓடும் தொட்டியைக் காட்டினா.

"இதுகளுக்குத்தான்கா ஆறும். வால வெட்டினா வால் முளைக்கும். செவி பழுதானா திரும்பக் கேக்கும். இதயத்துல, கல்புலயே ஒரு துண்ட வெட்டி எடுத்தாலும் ரெண்டு மாசத்துல வளந்துருமாம், மகள்ட புத்தகத்துல இருக்கி. நீ என்ன, மீனா?"

மூன்றாம் நாள் புருசன் கத்தியோடு வந்தார்.

"எங்க அவள்?"

"உள்ள இருக்கா. வரமாட்டா" என்றா ராத்தா.

அவர் தொட்டிகளை வெட்டினார். கண்ணாடி வெடித்தது. சீமெந்துத் தரையெல்லாம் மீன் துடித்தது. செருப்புக் காலால் மிதித்து நசுக்கிக்கொண்டே உள்ளே வந்தார். ராத்தா உடைந்த கண்ணாடித் துண்டொன்றை எடுத்து அவர் தொண்டையில் வைத்தா. அவவின் உள்ளங்கை கிழிந்து, ரத்தம் அவர் சேட்டில் சொட்டியது.

"இன்னும் ஒரு அடி வை பாப்பம். உன்ட தொண்டையும் முளைக்காது."

கத்தியைப் போட்டுவிட்டுப் போனார். உயிரோடு கிடந்த மீன்களை இரண்டு பேருமாகப் பொறுக்கி வாளியில் போட்டோம். கண்ணாடி கிழித்து, பாதிக்கு வால் இல்லை.

சில கிழமைகள் கழித்து ராத்தா கூப்பிட்டா. "பாருகா." எல்லா மீனுக்கும் மெல்லிசாக வால் வந்திருந்தது. நான் என் இடது செவிக்குப் பக்கத்தில் விரலைச் சொடுக்கிப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

அந்தக் கிழமையே பள்ளியிலிருந்து பெரியவர்கள் சமாதானம் பேச வந்தார்கள். "பொறுமையா இருங்க புள்ள. அவர்ட வீட்டுக்குப் போங்க. எல்லாம் ஆறிடும்."

"யார்ட வீடு காக்கா?" என்று ராத்தா கேட்டா. "அவள்ட வாப்பா அவளுக்குக் கட்டிக் குடுத்த வீடு. வந்த மாப்புள உள்ள படுத்துக் கிடக்கான், வீட்டுக்காரி தெருவுல ஓடுறா. நல்ல நியாயம்!"

ஒருவர் சிரித்தார். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான் என்பது பிள்ளைக்கும் தெரியும். அதை மறந்து, இத்தனை வருடமாக என் வீட்டிலிருந்து நானே ஓடியிருக்கிறேன்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு ராத்தாவோடு என் வீட்டுக்குப் போனேன். புருசனுடைய உடுப்புகளைப் பையில் போட்டு வாசலில் வைத்தேன். அவர் கையை ஓங்கினார். அவர் விட்டுப்போன கத்தி என் கையில் இருந்தது.

"இது என்ட வீடு. போங்க."

என் கையைப் பார்த்தார். பையைத் தூக்கிக்கொண்டு போனார். ராத்தா சிரித்தா. "கத்தியோட நிண்டும் உனக்கு மரியாத குறையல்லயேகா!"

போன வருடம் அவவுக்கு முதல்முறை நெஞ்சுவலி வந்தது. இதயத்தில் ஒரு பக்கம் செத்துவிட்டதாக டொக்டர் சொன்னாராம். "என்ட கல்பு மீன்ட கல்பா இருந்தா இப்ப முளைச்சிருக்கும்" என்று தொட்டியைப் பார்த்துச் சொன்னா. அன்றைக்கு அவ சிரிக்கவில்லை. இரண்டாவது வலி அவவைக் கொண்டுபோய்விட்டது.

மையித்தைக் குளிப்பாட்டிய பெண்களில் நானும் ஒருத்தி. வலது உள்ளங்கையை விரித்துத் தண்ணீர் ஊற்றினேன். கண்ணாடி கிழித்த தழும்பு அப்படியே இருந்தது. எனக்காகக் கிழிந்த கை.

அல்லாஹ் அவவின் கபுறுக் குழியை வெளிச்சமாக்கட்டும். அந்தக் கத்தி இப்போது என் குசினியில் இருக்கிறது. அதில்தான் கறிக்கு மீன் வெட்டுகிறேன். உப்பு எனக்கு வேண்டிய அளவு போடுகிறேன்.